முட்டுக்கட்டை

அவள் முதன்முதலாக ஒரு பாய்மரப் படகுக்குள் காலெடுத்து வைத்தது, மெத்தை உறைக்கு அளவெடுக்கத்தான். அப்போது அவளுக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தது. காருக்கும் பஸ்ஸுக்கும் சீட்டு உறை தைக்கிற பட்டறையில் இருபத்தெட்டு வருஷ வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் ‘சீட்டக்கா’. புதிதாக வருகிறவர்களில் சிலர், சீட்டுப் பிடிக்கிற அம்மா போலிருக்கிறது, பேச்சுக் கொடுத்தால் நம்மையும் சேர்த்துவிடுவாள் என்று இரண்டடி தள்ளியே நிற்பார்கள். அவளும் விளக்கம் சொல்ல மாட்டாள். தள்ளி நின்றால் வேலை ஓடும்.

அன்றைக்குப் படகின் சொந்தக்காரர் அவளை உள்ளே விட்டுவிட்டு, ஏதோ போன் வந்ததென்று கரைக்குப் போய்விட்டார். அவள் டேப்பை நீட்டி நீளம், அகலம் எழுதிக்கொண்டாள். ஐந்து நிமிட வேலை. அவர் வரவில்லை. அவள் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். கைக்கெட்டும் உயரத்தில் கூரை. ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு மேஜை, ஒரு படுக்கை. ஒவ்வொரு தம்ளருக்கும் அதன் பருமனுக்கு வெட்டிய குழி. படிக்கு மேலிருந்த பலகைக் கதவை இழுத்துப் பார்த்தாள். மூடிக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போட்டாள்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தம்பி வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை உண்டு. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. துணி தேய்க்கும் மேஜை, யாரும் ஓட்டாத இரண்டு சைக்கிள், போன வருஷத்துப் பாடப் புத்தகங்கள், இவற்றுக்கு நடுவே அவள் கட்டில். பின்வாசலுக்குப் போகிற வழியும் அதுதான். பல் விளக்கிக்கொண்டே ஒருவர் போவார், போனில் சிரித்துக்கொண்டே ஒருவர் வருவார். யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. தம்பி மனைவி ‘அண்ணி, அண்ணி’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கதவை ஒருவரும் தட்டிவிட்டு உள்ளே வந்ததில்லை.

படகுக்காரர் திரும்பி வந்தார். மூடியிருந்த பலகையை விரலால் தட்டினார். “உள்ள இருக்கீங்களா?” என்றார். அவர் இன்னொரு முறை தட்டும்வரை அவள் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

மறு வருஷம் இரண்டு காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தம்பிக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினான். “நீயும் வந்துடேன்க்கா” என்றான், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே. பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். “நான் எதுக்குடா அங்க?” என்றாள். “அதுவும் சரிதான்” என்று அவன் சொன்ன வேகம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த நாலாம் மாதம் பட்டறை முதலாளி இடத்தை விற்றுவிட்டு, எல்லோருக்கும் சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவள் தைத்துக்கொண்டிருந்த பெரிய தையல் மிஷினையும் அவளுக்கே கொடுத்தார்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். தனக்கே தனக்கென்று ஓர் அறை கிடைத்ததே என்று முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் தாழ்ப்பாள் போடும்போது, யார் வருவார்கள் என்று போடுகிறோம் என்று தோன்றியது. மாடிப்படியில் காலடி கேட்டால் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கவனிப்பாள். காலடி அவள் கதவைத் தாண்டி நான்காவது மாடிக்குப் போகும். இப்படியே போனால் காலடி எண்ணியே காலம் போய்விடும் என்று பயந்தாள். ஒரே இடத்தில் உட்கார்ந்து தனியாக இருப்பதற்கு, போய்க்கொண்டே தனியாக இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது அந்த நாட்களில்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் பிடித்து, மெத்தை அளவெடுக்கப் போன இடத்துக்கே, படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற அந்த யார்டுக்கே போய் இறங்கினாள்.

யார்டின் பின்மூலையில், வேலியோரம், ஆறு வருஷமாகத் தரையில் நின்றுகொண்டிருந்தது வேறொரு பழைய படகு. முப்பத்தோரு அடி நீளம், முப்பத்தெட்டு வயது. அடியில் கவிழாமலிருக்க ஈயக் கனம், இரண்டு பக்கமும் சாயாமல் தாங்க மூன்று மூன்று முட்டுக்கட்டைகள். ஃபைபர் உடம்பு வெயிலில் வெளுத்து சாக்பீஸ் மாதிரி கையில் ஒட்டியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் உள்ளே கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். மெத்தையெல்லாம் பூஞ்சை. மேல்தளத்தில் நடந்தால் கால் பிஸ்கட்டை மிதித்தது போல அமுங்கியது.

“அக்கா, இது படகு இல்ல, ஒரு வியாதி” என்றார் யார்டு மேலாளர். நல்ல மனிதர், விற்க வேண்டிய பொருளைப் பற்றி உண்மை பேசுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. “வாங்கினா ஒட்டிக்கும். அப்புறம் விடாது.”

“கதவு நல்லா இருக்கே” என்றாள் அவள்.

மேலாளர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தோரு அடியில் சேதமில்லாமல் இருந்தது அந்த இரண்டடிப் பலகை மட்டும்தான்.

வாங்கிவிட்டாள். தம்பிக்குப் போன் செய்து சொன்னாள். “படகா? எதுக்குக்கா?” என்றான். “தூரமா போறதுக்கு” என்றாள். “யாரோட?” என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள், “சரி சரி, உடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டான்.

மூன்றாவது மாடி அறையைக் காலி செய்து யார்டுக்குள்ளேயே குடிவந்தாள். முதலில் தண்ணீரை இறைத்து, பூஞ்சையைச் சுரண்டி, ஒரு படுக்கையை மட்டும் ஆள் படுக்கிற மாதிரி ஆக்கிக்கொண்டாள். பிறகு வேலை தொடங்கியது. மேல்தளம் என்பது மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் மரம். நடுவிலிருந்த மரம் ஊறிக் கூழாகிவிட்டிருந்தது. மேல் தோலை ரம்பத்தால் சதுரம் சதுரமாக அறுத்தெடுத்து, கூழைக் கரண்டியால் தோண்டி, புது மரம் பதித்து, பிசின் ஊற்றி ஒட்டி, திரும்பத் தோலை மூடி, மேலே மூன்று அடுக்கு ஃபைபர் துணி போட்டுத் தேய்த்து மழமழப்பாக்கினாள். ஒரு பக்கம் முடிக்க நாலு மாதம். மறுபக்கம் இரண்டே மாதம், கை பழகிவிட்டது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்களை எல்லாம் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டினாள். கடல்தண்ணீர் உள்ளே வருகிற, வெளியே போகிற குழாய்களின் வால்வுகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை, ஏழையும் மாற்றினாள். டீசல் எஞ்சினை மட்டும் ஒரு மெக்கானிக் வந்து பிரித்தார். அவர் பேசவே மாட்டார். மூன்று நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, “ஓடும்” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஓடியது.

பாய்களை அவளே தைத்தாள். அது அவள் கைவேலை. மேலாளர் காலியாகக் கிடந்த ஷெட்டைக் கொடுத்தார். துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு வெட்டி, பெரிய மிஷினில் மூன்று வரித் தையல் போட்டாள். மற்றப் படகுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். “சீட்டக்கா, எனக்கும் ஒண்ணு” என்று ஆரம்பித்தார்கள். கைச்செலவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கிளப்புக்குப் போனாள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் அவள் வயதில் பாதிகூட இல்லை. வகுப்பு முடிந்ததும் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள், அவளிடம் கையசைத்துவிட்டு. பிறகு இரண்டு முறை மற்றவர்களின் படகில் உதவி ஆளாகப் போய், நாலு நாள், ஆறு நாள் என்று கடலில் இருந்து பழகினாள்.

அவள் படகுக்குப் பதினைந்தடி தள்ளி இன்னொரு படகு நின்றது. தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, பளபளவென்று. அதன் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயது. பத்தொன்பது வருஷமாக அந்தப் படகை உலகம் சுற்றத் தயார் செய்துகொண்டிருந்தார். எப்போது கடலில் இறக்குகிறீர்கள் என்று யார் கேட்டாலும், “வர்ற மாசம்” என்பார். அதனால் யார்டில் அவருக்கு ‘வர்றமாசத்தார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அது தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. வெளியே ஒரு சின்ன மேஜை போட்டு, எப்போதும் ஏதாவது ஒரு மரத்துண்டுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருப்பார்.

அவளுக்கு அவர் பெரிய உதவி. எந்தப் பிசின் எந்த வெயிலில் இறுகும், எந்தத் திருகாணி உப்புத்தண்ணீரைத் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் ஏணியைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். “டீம்மா.” அவள் இறங்கி வருவாள். கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து குடிப்பார்கள். பெரும்பாலும் பேச்சே இருக்காது. காற்று அடித்தால் யார்டு முழுக்க வடங்கள் பாய்மரங்களில் மோதி ணங் ணங் என்று கேட்கும். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் அவள் சில நாள் காலையில் எழுந்தாள்.

ஆனால் தன் படகுக்குள் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. “உள்ள எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கும்மா. முடியட்டும், காட்டுறேன்” என்பார்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் சொன்னாள்: “சார், என் வேலை முடிஞ்சுது. காத்துக்காலம் முடிஞ்சதும் எறக்கிடலாம்னு பாக்குறேன்.”

அவர் தம்ளரைக் கைக்குள் சுழற்றிக்கொண்டே இருந்தார். “அப்படியா. சந்தோஷம்” என்றார். அன்றைக்கு டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் அவள் படகின் அடியில் டொக் டொக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தாள். அவர் ஒரு மரச்சுத்தியலோடு குனிந்து நின்றார்.

“இங்க வாங்கம்மா. இந்த எடத்தத் தட்டிக் கேளுங்க. இப்ப இங்க. வித்தியாசம் தெரியுதா?”

அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சுக்கானுக்குப் பக்கத்தில், மிளகு பருமனில் ஐந்தாறு கொப்புளங்களைக் காட்டினார். “தண்ணி ஏறியிருக்கு. வெளிய இவ்வளவு தெரிஞ்சா, உள்ள எவ்வளவு இருக்கும்? நடுக்கடல்ல போய் உரிஞ்சா நான் பதில் சொல்ல முடியாது. அடி முழுக்க மேல்தோலச் சீவி எடுத்து, நல்ல தண்ணில கழுவி, ஒரு சீசன் காய விட்டு, மறுபடி பூசணும்.”

“ஒரு சீசனா?”

“ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க. உயிரவிட ஒரு வருஷம் பெருசா?”

அந்த ஒரு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் மூன்று மாதம் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேர் மேலே இழைப்பு மிஷினைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகச் சீவினாள். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டும் ஃபைபர் தூசி கழுத்திலும் மணிக்கட்டிலும் ஏறி, குளித்தாலும் போகாமல் அரித்தது. பிறகு வாரம் இரண்டு தடவை ஹோஸால் கழுவல், காய விடல். செய்வதற்கு ஒன்றுமில்லாத நீளமான நாட்கள். அவளுக்குத் தெரிந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கிரேனில் ஏறிக் கடலுக்குப் போயின. கையசைத்தாள். நாலு மணிக்கு ஏணியில் கரண்டிச் சத்தம் மட்டும் தவறவே இல்லை.

இடையில் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய்வந்தாள். மண்டபத்தில் உறவுக்காரர் ஒருவர், “என்னம்மா, கப்பல் வாங்கியிருக்கியாமே, எப்பக் கிளம்புற?” என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “அடுத்த சீசன்” என்றாள். சொன்ன குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. தம்பி மகள் வந்து கட்டிக்கொண்டு, “அத்தை, இருந்துட்டுப் போங்க” என்றாள். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் ஆயிரம் வேலை. எந்த அறையில் படுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

அடியை எல்லாம் பூசி முடித்து, சாயமும் அடித்த பிறகு, துறைமுகச் சான்றிதழுக்காகப் படகு பரிசோதகர் வந்தார். குள்ளமான மனிதர், காதுக்குப் பின்னால் பென்சில். படகைச் சுற்றி மூன்று முறை நடந்து தட்டினார். ஒரு சின்னக் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார்.

“அடியில புதுசாப் பூசியிருக்கீங்களே, எதுக்கு?”

அவள் சொன்னாள். அவர் பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“யாரும்மா சொன்னது? நீங்க வாங்குறதுக்கு முன்னாடி வருஷம் வேற ஒருத்தர் இதை வாங்கப் பாத்தாரு. நான்தான் செக் பண்ணேன். மேல்தளம் போச்சு, அடி மட்டும் கல்லு மாதிரி இருக்குனு எழுதிக் குடுத்தேன். மேல்தளம் போனதுனால அவர் வாங்கல. அந்தச் சின்னக் கொப்புளமெல்லாம் எந்தப் பழைய படகுலயும் இருக்கும், நகத்தால சுரண்டி மூடினா போதும்.” பக்கத்துப் படகைத் தாடையால் காட்டினார். “அந்த சாருக்குக்கூடத் தெரியுமே. அன்னிக்கு எனக்கு ஏணி புடிச்சதே அவர்தான். அவர் கிட்டயே சொன்னேன்.”

பரிசோதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு நேராகப் போய் வர்றமாசத்தாரின் ஏணியில் ஏறினாள். கூப்பிடவில்லை. தார்ப்பாயை விலக்கி, பலகைக் கதவைத் தட்டிவிட்டு, பதில் வருமுன் திறந்து உள்ளே இறங்கினாள்.

போட்டது போட்டபடி எதுவும் கிடக்கவில்லை. தேன் நிறத்தில் மின்னிய மரச்சுவர்கள். துடைத்து வைத்த அடுப்பு. அலமாரியில் கடல் வரைபடங்கள் சுருட்டிச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் அச்செழுத்துப் போல எழுதிய சீட்டு. மடித்த பாய்கள் உறைக்குள். புதுக் கயிறுகள் சுருள் சுருளாக. இன்னும் ஒரு ஆணி அடிக்கவும் அதில் இடமில்லை. அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லாமல், அவளைப் பார்த்தார்.

“எல்லாம் முடிஞ்சிருக்கே” என்றாள் அவள். வேறொன்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

“முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சும்மா.”

“அப்புறம் ஏன்?”

“போனா யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?” அவர் மேஜையின் விளிம்பை விரலால் துடைத்தார். துடைக்க அதில் தூசி இல்லை. “இங்க இருந்தா, எப்பக் கிளம்புறீங்கன்னு கேக்கவாவது நாலு பேர் இருக்காங்க. போயிட்டா யார் கேப்பா?”

அவள் கையிலிருந்த தாளை மேஜை மேல் வைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. என்னவென்று அவருக்குத் தெரியும்.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏன் சார்?”

“டீ குடிக்க ஆள் இல்லாமப் போயிடும்னு நெனச்சேன்” என்றார். பிறகு குரலை இன்னும் இறக்கிக்கொண்டு, “ஒரு வருஷம்தானேன்னு...” என்றார்.

“அந்த ஒரு வருஷம் என்னோடது” என்றாள் அவள். “எனக்கு என்ன, கையில நூறு வருஷமா இருக்கு? மூணு மாசம் மல்லாக்கப் படுத்துச் சீவினேன். நீங்க தெனமும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. பாத்துக்கிட்டே டீ போட்டுக் குடுத்தீங்க.”

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. வருஷக்கணக்காக உழைத்துச் செய்த அந்த அழகான அறைக்குள் அவர் அதன் அளவுக்கு வெட்டிய பொருள் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி வந்துவிட்டாள். அன்று நாலு மணிக்கு ஏணியில் சத்தம் கேட்கவில்லை. அதன் பிறகும் இல்லை. பதினைந்தடி இடைவெளியில் இரண்டு பேர் ஐந்து வாரம் பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல. அவர் வரும்போது அவள் ஷெட்டுக்குப் போனாள், அவள் வரும்போது அவர் தார்ப்பாய்க்குள் போனார். கோபம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் நாலு மணி ஆனால் காது தானாக ஏணிப் பக்கம் திரும்பியது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

படகை இறக்குகிற நாள் வந்தது. கிரேன்காரர் வயிற்றுக்கு அடியில் இரண்டு பட்டைகளைப் போட்டுத் தூக்கினார். முட்டுக்கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து விழுந்தன. ஒன்பது வருஷத்துக்கு மேல் தரையில் நின்ற படகு காற்றில் தொங்கியது. தண்ணீரில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் உள்ளே தண்ணீர் சுரந்தது. கிரேன்காரர், “தூக்கிடவா?” என்று கத்தினார். “இருங்க” என்று அவள் இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. திருகினாள். நின்றது. மேலே வந்து கட்டைவிரலைக் காட்டினாள். மேலாளர் கைதட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில் வர்றமாசத்தார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கரையை ஒட்டியே ஓட்டிப் பழகினாள். கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. தனியாகக் கடல் கடக்கிறவர்களுக்குக் கரையில் ஓர் ஆள் வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை படகிலிருந்து இடமும் திசையும் செய்தியாகப் போகும். ஒரு வாரம் தகவல் இல்லையென்றால் அந்த ஆள் கடலோரக் காவலுக்குச் சொல்ல வேண்டும். தம்பியைக் கேட்டாள். “எனக்கு அந்த நம்பரெல்லாம் புரியாதுக்கா. வேற யாராவது தெரிஞ்சவங்ககிட்ட சொல்லேன்” என்றான்.

தெரிந்தவர்கள் யார் என்று யோசித்தாள். ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

போய்த் தார்ப்பாய்க்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அவர் வந்தார்.

“சார், நான் செஞ்சதை மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மறக்கல. ஆனா எனக்குக் கரையில ஒரு ஆள் வேணும். அட்சரேகை தீர்க்கரேகை தெரிஞ்ச ஆள்.” சொன்ன பிறகுதான் ‘நீங்க செஞ்சதை’ என்பதற்குப் பதில் ‘நான் செஞ்சதை’ என்று சொல்லிவிட்டது உறைத்தது. திருத்தவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேப்பரக் குடுங்கம்மா” என்றார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினாள். அக்கரைக்கு இருபது நாள் என்று கணக்கு. கடலில் முதல் இரண்டு நாள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மூன்றாம் நாள் காற்று சீரானது. காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்புகிற பொறி ஒன்றைப் பின்பக்கம் மாட்டியிருந்தாள். அது வேலை செய்ய, அவள் இருபது இருபது நிமிஷமாகத் தூங்கினாள். ஒன்பதாம் நாள் காற்று செத்துப்போனது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அலை என்று சொல்ல ஒன்றில்லை. பாய் துவண்டு தொங்கியது. நாலு நாள் அப்படியே கிடந்தாள். தையல் ஒன்று பிரிந்திருந்ததைத் தைத்தாள். தைத்ததைப் பிரித்து இன்னும் நேராகத் தைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், வெயிலில் உட்கார்ந்து, எந்தக் காரணமும் இல்லாமல் வாய்விட்டு அழுதாள். தம்பி பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டும் பார்த்தாள். குரல் படகைத் தாண்டி எங்கேயோ போய் நின்றுவிட்டது. மூன்றாவது மாடியிலும் தனியாகத்தான் இருந்தாள், ஆனால் அங்கே காலடியாவது கேட்டது. இப்படியும் ஒரு தனிமை உண்டு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்போமா என்று யோசித்தாள். வந்திருப்போம் என்றுதான் தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

செயற்கைக்கோள் செய்திக்கருவியில் அவள் இருக்கும் இடத்தின் எண்களை அனுப்புவாள். வர்றமாசத்தாரிடமிருந்து ஒரு வரி வரும். ‘வடக்கே எழுபது மைலில் காற்று இருக்கிறது.’ ‘வியாழக்கிழமை மழை.’ நலமா என்று அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பதிமூன்றாம் நாள் அவள் எண்களுக்குக் கீழே, ‘எப்பக் கிளம்புறீங்க?’ என்று அடித்து அனுப்பினாள். பதில் வர ஒரு முழு நாள் ஆனது. ‘வர்ற மாசம்’ என்று இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். கடலில் அது அவள் முதல் சிரிப்பு.

இருபத்து நாலாம் நாள் கரை தெரிந்தது. துறைமுகத்தில் ஓர் அதிகாரி படகில் வந்து, “மத்தவங்க எங்கம்மா?” என்று கேட்டார். “நான் மட்டும்தான்” என்றாள். அவர் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். தம்பிக்குப் போன் செய்தாள். “வந்து சேந்துட்டியா? அப்பாடா” என்றான், அந்த அப்பாடாவில் நிஜமான பயம் இருந்தது. ரொம்ப நேரம் பேசினான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

இது நடந்து ஏழு வருஷமாகிறது. அவள் திரும்பவில்லை. துறைமுகம் துறைமுகமாகப் போகிறாள். படகுகளுக்குப் பாயும் உறையும் தைத்துக் கொடுக்கிறாள். வேலை தரும்போது பழகுகிறார்கள், வேலை முடிந்ததும் அவரவர் திசையில் போய்விடுகிறார்கள். அவளும்தான் போகிறாள், யாரைக் குறை சொல்ல? வாரக்கணக்கில் ஒருவரோடும் பேசாமல், பிறகு கடையில் ஒரு சாமான் கேட்கும்போது தொண்டை கம்முவது அவளுக்குப் பழகிவிட்டது. அது வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வர்றமாசத்தார் கிளம்பவில்லை. ஐந்தாம் வருஷம் முழங்கால் ஏணி ஏற விடாமல் செய்தபோது, படகை ஒரு கணவன் மனைவிக்கு விற்றுவிட்டார். இரண்டே வாரத்தில் அவர்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மேலாளர் சொன்னார். வர்றமாசத்தார் இப்போது ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். அவளுடைய எண்களைச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் குறித்துவைப்பதாக ஒரு தடவை எழுதினார். அவரை மன்னித்துவிட்டாயா என்று அவளைக் கேட்டால், அவளுக்கே சரியாகத் தெரியாது. அந்த வருஷத்தை நினைத்தால் இன்னமும் மணிக்கட்டு அரிக்கிறது. எண்களை அனுப்புவதையும் நிறுத்தவில்லை.

போன வாரம் ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டிருந்தாள். சுற்றிலும் வேறு படகில்லை. விடிந்ததும் காற்று திரும்பியிருந்தது. கிளம்பலாம் என்று சங்கிலியை இழுத்தால் வரவில்லை. நங்கூரம் சேற்றில் நன்றாகப் புதைந்துவிட்டது. கொஞ்சம் இழுப்பாள், உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், படகு அலையில் எழும்போது இன்னொரு சாண் இழுப்பாள். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கறுப்புச் சேறு வழிய மேலே வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றி முன்தளத்தைக் கழுவினாள். பிறகு பின்னால் போய்ப் பாயை ஏற்றினாள்.